அம்மாவிடம் நேரே போய்ச் சொல்லு மச்சான்

லாஸ் பால்மாஸ், கனாரித் தீவுகள்
டிசம்பர் 3

அன்புள்ள மச்சான்,

உன் மகளின் கலியாணத்துக்கும் வரவில்லை, ஒழுங்காக வாழ்த்தும் எழுதவில்லை. இப்போது ஓர் உதவி வேண்டும் என்றதும் பேனாவை எடுத்திருக்கிறேன். திட்டுவதை எல்லாம் சேர்த்து வை, ஊருக்கு வந்து வாங்கிக்கொள்கிறேன். நீ அனுப்பிய ஒடியல் மா வந்து சேர்ந்தது. அது இப்போது என்னோடு படகில் இருக்கிறது.

படகு என்று எழுதிவிட்டேன், இனி மறைக்க முடியாது. வருகிற வெள்ளி விடிய, 36 அடிப் பாய்ப்படகில் அத்திலாந்திக்கைக் கடக்கப் போகிறோம். மூன்று பேர்: நான், என்னோடு வேலை பார்த்து ஓய்வு பெற்ற நோர்வேக்காரர், அவர் மனைவி. படகு அவர்களுடையது. இங்கிருந்து கரீபியனில் இருக்கும் சென் லூசியாத் தீவுக்கு 2,700 கடல்மைல். நாளுக்கு 120 ஓடினால் 23 நாள். சூறாவளிக் காலம் நவம்பரோடு கழிந்துவிட்டது. "வெண்ணெய் உருகும்வரை தெற்கே போ, பிறகு மேற்கே திருப்பு" என்பது இந்த வழியில் போகிறவர்களின் பழைய பேச்சு. அங்கே பிடிக்கும் காற்று வடகிழக்கிலிருந்து வருவது. நம்மூர் வாடையேதான் மச்சான்! அது முதுகில் தள்ளிக்கொண்டே போகும் என்று நினைக்கும்போதே உடம்பு சிலிர்க்கிறது.

போன திங்களே புறப்பட்டிருக்க வேண்டும். ஞாயிறு பின்னேரம், மனம் கேளாமல், கடைசியாக ஒருமுறை பாய்மரத்தில் ஏறினேன். கித்தான் இருக்கையில் என்னை வைத்து மற்ற இருவரும் கயிற்றில் இழுத்து ஏற்றினார்கள். பாய்மரத்தைப் பக்கத்துக்கு இழுத்துப் பிடிக்கும் உருக்கு வடம், 19 கம்பி முறுக்கியது. அதைத் துணியால் துடைத்துக்கொண்டே மேலே போனேன். உச்சியில், வடம் பூணுக்குள் நுழையும் இடத்தில், துணி சிக்கியது. ஒரு கம்பி அறுந்து, மீன்முள் மாதிரி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அடியில் துரு. போன மாதம்தான் ஒருவர் பார்த்துவிட்டு எல்லாம் சரி என்று கையெழுத்துப் போட்டுத் தந்திருந்தார். அந்த ஆளை இன்னும் என்னால் மன்னிக்க முடியவில்லை. ஒன்று போனால் மிச்சப் 18-க்கும் சுமை கூடும், அடுத்ததும் போகும். நடுக்கடலில் பாய்மரமே சாய்ந்திருக்கும். இரண்டு பக்க வடங்களையும் மாற்ற நாலு நாள் பிடித்தது. அந்த நாலு நாளும் படுத்தால் அம்மாவின் முகம்தான்.

சாப்பாட்டைப் பற்றிக் கேட்பாய். தண்ணீர்த் தொட்டி 300 லிட்டர், ஆளுக்கு நாளுக்கு 4 லிட்டர், 25 நாளுக்குக் கணக்குச் சரி. அதற்கு மேல் கலன்களில் 80 லிட்டர் தனியாக. முட்டை 90, இரண்டு நாளுக்கு ஒருமுறை புரட்டிப் போட வேண்டும். புட்டு நான்தான் அவிப்பேன்.

புயலுக்கு நான் பயப்படவில்லை. பயம் இரவுக் காவலில்தான். மூன்று மணி நேரத்துக்கு ஒருவர் மேலே, மற்ற இருவரும் உறக்கம், சுக்கானைக் கருவி பார்த்துக்கொள்ளும். மணிக்கு 6 கடல்மைலில் போகிற படகு, ஒருவன் விழுந்த ஒரு நிமிடத்தில் 180 மீட்டர் தள்ளிப் போய்விடும். இருட்டில், மூன்று மீட்டர் அலைக்குள், ஒரு தலையை எங்கே தேடுவது? உள்ளே உறங்குகிறவர்களுக்குக் கூப்பிடுவதும் கேட்காது. அதனால் படியேறி வெளியே வருமுன் இடுப்பு வாரின் கொக்கியைப் படகில் மாட்டியாக வேண்டும். துறையில் கட்டியிருக்கும்போதே பழகிக்கொள்கிறேன். அந்த 'டிக்' சத்தம் கேட்காமல் இப்போது கால் படியில் ஏறுவதில்லை.

சின்ன மாமாவைக் கடல் கொண்டுபோனபின் அம்மா என்னை வள்ளத்தில் கால் வைக்கவே விட்டதில்லை. நாம் ஒளித்துப் போன அன்று அடி யாருக்கு விழுந்தது என்று கட்டையனைக் கேள். ஆனால் எனக்கு அன்னபூரணியின் கதையைச் சொன்னவரும் அதே அம்மாதான். நம் வல்வெட்டித்துறையில் கட்டிய கப்பல். அமெரிக்கர் ஒருவர் வாங்க, நம்மூர் ஆட்கள் அதில் ஏறி, ஏடன், சுயெஸ், ஜிப்ரால்டர், பெர்முடா என்று போய், 1938 ஆகஸ்டில் அமெரிக்காவின் குளொஸ்டர் துறையில் இறங்கினார்கள். சோறு ஊட்டும்போது அம்மா அந்தத் துறைகளின் பெயர்களை வரிசையாகச் சொல்லுவார், நான் ஒவ்வொன்றுக்கும் ஒரு வாய் வாங்குவேன். இந்த ஆசை எனக்கு எங்கிருந்து வந்தது என்று அம்மா கேட்டால், அதைச் சொல்லு.

தொலைபேசியில் நான் சொன்னால் அழுகை மட்டும்தான் மிஞ்சும். நீ நேரே போ. பின்னேரம், அம்மன் கோயிலால் வந்து தேத்தண்ணி குடித்தபிறகு. படகு எத்தனை அடி என்று கேட்டால் உள்ளதைச் சொல்லு. இடுப்பு வாரைப் பற்றியும் சொல்லு, அதை அம்மா விளங்கிக்கொள்வார். 23 நாள் என்று மட்டும் வாயைத் திறக்காதே. காற்று விழுந்தால் 30 ஆகும், 24-ஆம் நாளே அம்மா வாசலில் வந்து உட்கார்ந்துவிடுவார். ஒரு மாதம் என்று சொல்லு.

செயற்கைக்கோள் கருவியிலிருந்து நாளுக்கு ஒரு குறுஞ்செய்தி உனக்கு வரும், எந்த இடத்தில் நிற்கிறோம் என்று. அதை அன்றன்றைக்கு அம்மாவிடம் வாசித்துக் காட்டு. ஒரு நாள் வராவிட்டால் கருவி பழுது என்று சொல்லு. அப்படித்தான் இருக்கும்.

அன்புடன்,
குட்டி