'ஸ்டாப்' என்ற சொல்லை எப்படிக் கற்பிப்பது? ஆங்கிலப் பாடநூல் ஆக்குநர்களுக்கு ஒரு திறந்த மடல்

மாநிலப் பாடத்திட்டத்தின் ஆங்கிலப் பாடநூல்களை எழுதும் குழுவினருக்கும், பொதுத்தேர்வு வினாத்தாள்களை அமைக்கும் ஆசிரியப் பெருமக்களுக்கும் வணக்கம்.

பத்தாம் வகுப்பிலும் பன்னிரண்டாம் வகுப்பிலும் ஆங்கிலத் தாளின் முதல் பகுதி, ஒத்த பொருள் தரும் சொற்களுக்கு 3 மதிப்பெண், எதிர்ச்சொற்களுக்கு 3 மதிப்பெண் என்று தொடங்குவது வழக்கம். இந்த 6 மதிப்பெண்களைக் குறி வைத்து, பாடத்துக்குப் பாடம் சொற்பட்டியல் தயாரித்து, இடப்பக்கம் ஒரு சொல், வலப்பக்கம் அதற்கு ஈடான சொற்கள் என்று மாணவர்களை ஒப்பிக்க வைக்கிறோம். வினாத்தாளில் அடிக்கோடிட்ட சொல் ஒரு வாக்கியத்துக்குள்தான் வருகிறது என்றாலும், அந்த வாக்கியத்தைப் படிக்காமலே விடையைத் தேர்ந்தெடுத்துவிட முடிகிறது. நான் வகுப்பில் தொடர்ந்து பார்த்துவருவது இதைத்தான். ஒரே ஒரு சொல்லை எடுத்துக்கொண்டு இந்த முறையின் குறையைத் தங்கள் பார்வைக்குக் கொண்டுவர விரும்புகிறேன். அந்தச் சொல், எழுத்தறியாதவர்களும் நாள்தோறும் சொல்லும் 'ஸ்டாப்'.

இதற்கு ஈடாக 'ஹால்ட்', 'சீஸ்', 'க்விட்', 'எண்ட்', 'டிஸ்கன்டின்யூ', இடைநிறுத்தத்தைக் குறிக்கும் 'பாஸ்' ஆகியவற்றைப் பட்டியலிடுகிறோம். மாணவன் அதை நம்பி, தன் தந்தை புகைப்பதை 'ஹால்ட்' செய்தார் என்றும், மழை 'க்விட்' ஆனது என்றும் கட்டுரையில் எழுதுகிறான். நாம் சிவப்பு மையால் சுழித்துவிட்டுப் போகிறோம். எதனால் தவறு என்று அவனுக்குச் சொல்ல நம் பாடநூலில் ஒரு வரியும் இல்லை. ஓடிக்கொண்டிருப்பது நிற்பதற்கு 'ஹால்ட்' பொருந்தும். அணிவகுப்பில் உடற்கல்வி ஆசிரியர் கொடுக்கும் கட்டளையும், மிகச் சிறிய ரயில் நிலையங்களின் பெயர்ப் பலகையில் ஊர்ப் பெயருக்குப் பின்னால் இருப்பதும் அச்சொல்லே. 'சீஸ்' அலுவல் நடைக்கு உரியது. போர் நிறுத்தத்துக்கும், ஒரு நிறுவனம் தன் செயல்பாட்டை நிறுத்திக்கொண்டது என்ற அறிவிப்புக்கும் அது ஏற்றது. ஆனால் பேருந்து 'சீஸ்' ஆகாது.

'க்விட்' இன்னும் நுட்பமானது. பழக்கத்தை விடுவதும் வேலையை விடுவதும் அதன் பொருள்களே என்றாலும், ஓர் இடத்தை விட்டு அகல்வது அதன் பழைய பொருள்களுள் ஒன்று. வாடகைக்குக் குடியிருப்பவரைக் காலி செய்யச் சொல்லும் அறிவிப்பில் இன்றும் அந்தப் பொருள் உயிரோடு இருக்கிறது. 1942 ஆகஸ்ட் 8 அன்று பம்பாயில் காங்கிரஸ் நிறைவேற்றிய தீர்மானத்தின் 'க்விட் இந்தியா' முழக்கத்தை 'வெள்ளையனே வெளியேறு' என்று சமூக அறிவியல் பாடத்தில் படிக்கும் அதே மாணவன், அடுத்த பாடவேளையில் 'க்விட்' என்றால் 'ஸ்டாப்' என்று மனப்பாடம் செய்கிறான். இரண்டு பாடவேளைகளையும் இணைத்துப் பார்க்க ஒரு வாக்கியம் போதும். அந்த வாக்கியத்தை எழுத வேண்டிய இடம் பாடநூல் அல்லவா?

சொல்லின் பிறப்பைச் சொல்லித் தந்தாலே பாதிக் குழப்பம் தீரும் என்பது என் உறுதியான எண்ணம். 'ஸ்டாப்' என்ற சொல் தொடக்கத்தில் நிற்பதைக் குறிக்கவில்லை. துளையை அடைப்பதைக் குறித்தது. கந்தல் நாரைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து அது வந்திருக்கக்கூடும் என்பது சொற்பிறப்பியலாளர் பலரின் கருத்து. இந்த அடைப்பை மனத்தில் வைத்துக்கொண்டால் எத்தனையோ பயன்பாடுகள் வரிசையாக விளங்குகின்றன. குப்பியின் அடைப்பான் 'ஸ்டாப்பர்'. குழாயில் தண்ணீரை அடைக்கும் திருகு 'ஸ்டாப்காக்'. காசோலைக்குப் பணம் தர வேண்டாம் என்று வங்கிக்கு எழுதிக் கொடுப்பது 'ஸ்டாப் பேமென்ட்'. ஒருவரை ஒரு செயலிலிருந்து தடுப்பதற்கும் இதே சொல்லை ஆளலாம். அந்த இடத்தில் 'ஹால்ட்', 'சீஸ்', 'க்விட்' மூன்றும் உதவா, 'ப்ரிவென்ட்' மட்டுமே உதவும். நம் பட்டியல்களில் அது பெரும்பாலும் இடம்பெறுவதே இல்லை. ஆர்மோனியத்தின் முகப்பில் இருக்கும் குமிழ்களுக்கும் 'ஸ்டாப்' என்றுதான் பெயர். அவற்றை வெளியே இழுத்தால்தான் காற்று உள்ளே போய் நாவுகள் ஒலிக்கும். தேவாலயங்களின் குழல் ஆர்கனிலும் அப்படியே. அங்கிருந்துதான், எல்லாக் குமிழ்களையும் இழுத்துவிடுவது என்பதை முழுமூச்சாக முயல்வது என்ற பொருளில் ஆங்கிலேயர் மரபுத்தொடராக வழங்குகிறார்கள். ஒலியியலில், மூச்சைச் சற்றே அடைத்துப் பிறகு விடுவதால் பிறக்கும் மெய்யொலிகளும் 'ஸ்டாப்'தான். நம் வல்லினத்துக் க், ட், த், ப் ஆகியவற்றைச் சொல்லிப் பார்க்கும் குழந்தை அந்த அடைப்பைத் தன் வாயிலேயே உணர்ந்துகொள்ளும்.

அடுத்தது இலக்கணம். 'ஸ்டாப்'புக்குப் பின் 'டு' சேர்த்து வினை வந்தால் ஒரு பொருள். '-இங்' ஈற்று வினை வந்தால் வேறு பொருள். இந்த வேறுபாட்டைச் சொல்லும்போது நான் கரும்பலகையில் இரண்டு தமிழ் வாக்கியங்களைத்தான் முதலில் எழுதுகிறேன்: 'அவன் தண்ணீர் குடிக்க நின்றான்', 'அவன் தண்ணீர் குடிப்பதை நிறுத்தினான்'. பிறகு முதல் வாக்கியத்தின் கீழ் 'ஸ்டாப்ட் டு டிரிங்க்' என்றும், இரண்டாவதன் கீழ் 'ஸ்டாப்ட் டிரிங்கிங்' என்றும் எழுதிவிட்டுப் பேசாமல் நின்றுகொள்கிறேன். விளக்கம் மாணவர்களிடமிருந்தே வந்துவிடுகிறது. நில், நிறுத்து என்று தன்வினையாகவும் பிறவினையாகவும் தமிழ் இரண்டு சொல்லில் காட்டுவதை ஆங்கிலம் ஒரே சொல்லில் வைத்துக்கொண்டு, பின்னால் வரும் வினையின் வடிவத்தால் பிரித்துக் காட்டுகிறது. 'டு' வரலாமா '-இங்' வரலாமா என்று விதியாக மட்டும் படித்த பிள்ளை தேர்வு முடிந்ததும் அதை மறந்துவிடுகிறது.

தமிழைத் துணைக்கு அழைப்பதில் நமக்கு ஏன் இவ்வளவு தயக்கம் என்று எனக்கு விளங்கவில்லை. மழை விட்டது என்போம், ஓய்ந்தது என்போம். காற்று அடங்கியது என்போம். வண்டி நின்றது என்போம். குடியை விட்டார் என்றும், போராட்டத்தைக் கைவிட்டார்கள் என்றும் சொல்வோம். மழை கைவிட்டது என்று முதல் வகுப்புப் பிள்ளையும் சொல்லாது. நிற்பதிலும் நிறுத்துவதிலும் உள்ள இந்த நுட்பங்களெல்லாம் எட்டு வயதிலேயே ஒரு குழந்தைக்கு அத்துப்படி. அந்த அறிவை வகுப்பறைக்கு வெளியே நிறுத்திவிட்டு ஆங்கிலச் சொற்களை ஒன்றுக்கு ஒன்று ஈடு என்று கொடுக்கும்போது, தனக்கு இருக்கும் திறனையே பயன்படுத்தக் கூடாது என்று அதற்குக் கற்பிக்கிறோம். நிகண்டைத் திண்ணைப் பள்ளியில் மனப்பாடம் செய்த மரபு நமக்கு உண்டே என்று சிலர் கேட்கக்கூடும். உண்மைதான், ஆனால் அந்தப் பிள்ளைகள் தமிழைப் பேசிக்கொண்டே நிகண்டைப் படித்தார்கள். நம் மாணவருக்கு அந்த ஆங்கிலச் சூழல் இல்லை.

முற்றிலும் இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. பேருந்தில் ஏறினால் 'அடுத்த ஸ்டாப்பிங்' என்கிறோம். நடத்துநர் ஒரு விசிலில் வண்டியை நிறுத்தி, இரண்டு விசிலில் கிளப்புகிறார், அல்லது 'ஹோல்டான்', 'போலாம் ரைட்' என்கிறார். இரவு ஊரிலேயே தங்கும் பேருந்தை 'நைட் ஹால்ட்' என்கிறோம். நீதிமன்றத்தில் 'ஸ்டே' வாங்கியதாகவும், அலுவலகத்தில் ஒருவர் 'சஸ்பெண்ட்' ஆனதாகவும், ஒரு பையன் படிப்பை 'டிஸ்கன்டின்யூ' செய்துவிட்டதாகவும் பேசுகிறோம். இவை மாணவர் வீட்டிலிருந்தே கொண்டுவரும் சொற்கள். 'சஸ்பெண்ட்' ஆனவர் திரும்பி வரலாம், 'டிஸ்மிஸ்' ஆனவருக்கு அந்த வழி கடினம் என்று அவர்களுக்கு ஏற்கெனவே தெரியும். கைப்பேசியில் இரண்டு கோடு போட்ட 'பாஸ்' பொத்தானை அழுத்தினால் பாட்டு நிற்கும், மீண்டும் அழுத்தினால் விட்ட இடத்திலிருந்து தொடரும் என்பதும் தெரியும். பாடநூல் இங்கிருந்து தொடங்கினால் போதும்.

வகுப்பறைக்கு வெளியேயும் இதன் விளைவு உண்டு. ஓட்டுநர் பழகுநர் உரிமத் தேர்வில், வண்டி நிறுத்தி வைக்கக் கூடாது என்ற குறியில் ஒரு குறுக்குக் கோடும், நிற்கவே கூடாது என்ற குறியில் ஒன்றையொன்று வெட்டும் இரண்டு கோடுகளும் இருக்கும். 'பார்க்கிங்' வேறு, 'ஸ்டாப்பிங்' வேறு என்று பிரித்தறியாதவருக்கு இரண்டும் ஒன்றாகவே தோன்றும். மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அனுப்பும்போது தரும் குறிப்பில் ஒரு மாத்திரைக்கு எதிரே 'வித்ஹோல்ட்' என்றிருந்தால் இப்போதைக்கு நிறுத்தி வை என்று பொருள். 'டிஸ்கன்டின்யூ' என்றிருந்தால் அந்த மருந்து இனி வேண்டாம் என்று பொருள். அந்தத் தாளை வீட்டில் வாசித்துச் சொல்லப்போவது பெரும்பாலும் பள்ளியில் படிக்கும் பிள்ளைதான். இதை எண்ணும்போது எனக்கு உண்மையிலேயே கவலையாக இருக்கிறது.

ஆகவே தங்களிடம் நான் வேண்டுவது இது. அடுத்த பதிப்பில் சொற்பட்டியல்களின் நீளத்தைக் குறைத்து, பாடத்துக்கு ஒரே ஒரு சொற்குடும்பத்தை எடுத்து, ஒவ்வொரு சொல்லுக்கும் அது பொருந்தும் வாக்கியம் ஒன்றையும் பொருந்தாத வாக்கியம் ஒன்றையும் தமிழ் விளக்கத்துடன் அச்சிடுங்கள். வினாத்தாளில் நான்கு விடைகளையும் அதே குடும்பத்திலிருந்து கொடுங்கள். தேநீருக்காகப் பேருந்து நின்றதற்கும், ஒருவர் வேலையை விட்டதற்கும், இரு நாடுகள் சண்டையை நிறுத்தியதற்கும், அணை வெள்ளத்தைத் தடுத்ததற்கும் எந்தச் சொல் என்று வாக்கியத்தைப் படித்தால் மட்டுமே தீர்மானிக்க முடியும்படி கேளுங்கள். இதற்குக் கூடுதல் பக்கமோ கூடுதல் மதிப்பெண்ணோ தேவையில்லை. மாதிரி வினாக்கள் தேவையெனில், வகுப்பில் பயன்படுத்திவரும் தொகுப்பை அனுப்பிவைக்க அணியமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓர் ஆங்கில ஆசிரியர்