தரிசு அல்ல, மேய்ச்சல் தரை

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

எங்கள் சம்பூர்ப் பகுதியில் அமையவிருக்கும் களஞ்சியசாலைத் தொகுதி பற்றித் தங்கள் ஞாயிறு இதழில் வந்த செய்தியில், "பயன்பாடின்றிக் கிடக்கும் தரிசு நிலம்" என்றொரு வரி இருந்தது. கடந்த கார்த்திகையில் அந்தத் தரிசில் நில அளவையாளர்கள் நாட்டிய கட்டையொன்றிலிருந்து சிவப்பு நாடாவை இழுத்து மென்றுகொண்டிருந்த கன்று என்னுடையது.

தங்கள் செய்தியாளர் பங்குனியில் வந்திருப்பார் போலும். அப்போது மாடுகள் அறுவடை முடிந்த வயல்களில் அரிதாள் மேய்ந்துகொண்டிருக்கும். ஐப்பசியில் பெரும்போக விதைப்புத் தொடங்கியதும் வயலுக்குள் மாடு கால் வைத்தால் தண்டம் கட்டவேண்டும்; அதன்பின் அறுவடைவரை ஊர் மாடுகள் அத்தனையும் நிற்பது இந்தத் தரையில்தான் என்பது தாங்கள் அறியாததல்ல.

தரிசு என்ற சொல் எங்களுக்குப் புதிதன்று. 2006இல் எறிகணைகளுக்குப் பயந்து ஓடிய நாங்கள் கிளிவெட்டி முகாமில் தகரக் கூரையின்கீழ் கிடந்தபோதுதான், 2012இல், சம்பூரின் 818 ஏக்கர் கைத்தொழில் வலயமென வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டது. 2015இல் அது இரத்தாகி நாங்கள் திரும்பியபோது என் வளவில் மிஞ்சியிருந்தது கிணற்றுக்கட்டு மட்டுமே. இதற்கெல்லாம் முன்பிருந்தே அனல்மின் நிலையம் என்றும் சொல்லிவந்தார்கள்; அதுவும் 2016இல் கைவிடப்பட்டது.

களஞ்சியசாலையே வேண்டாமென்று நாங்கள் சொல்லவில்லை. 2015இல் விமானங்கள் அரிதாகவே வந்த மத்தள விமான நிலையத்தில் நெல்லைச் சேமித்த நாட்டில் அதன் அருமை எங்களுக்குத் தெரியாதா? எங்கள் பகுதி நெற்களஞ்சியம் பூட்டியே கிடக்க, வரப்போவதோ கொள்கலன்களுக்கான கட்டடம். மாரியில் இரண்டு உழவு இயந்திரங்கள் எதிரெதிரே வந்தால் ஒன்று சேற்றில் இறங்கி வழிவிடவேண்டிய பாதையில், பள்ளிக்கூடப் பிள்ளைகளின் சைக்கிள்களுக்கிடையே பாரவூர்திகள் எப்படிப் போகும் என்பதை எவரும் எழுதவில்லை.

திட்ட வரைபடத்தைக் காட்டுமாறு அலுவலகமொன்றில் கேட்டேன். இன்னோர் உத்தியோகத்தரிடம் அனுப்பினார்கள். அவர் எடுத்துக் காட்டியது தங்கள் பத்திரிகையை. 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பம் கொடுத்திருக்கிறேன். 14 வேலை நாட்களுக்குள் முடிவைச் சொல்லவேண்டும் என்கிறது சட்டம்.

தங்களிடம் நான் கேட்பது சிறிய உதவிதான். அடுத்த இதழில் "தரிசு" என்பதை "மேய்ச்சல் தரை" என்று திருத்தி ஒரு வரி போடுங்கள். ஐப்பசி கழிந்ததும் செய்தியாளரை மீண்டும் அனுப்புங்கள். பஸ் நிற்கும் இடத்துக்கு நானே வந்து அழைத்துப் போகிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்,
சம்பூர், திருகோணமலை.