கங்காணி எங்கே போனான்? மலையகப் பாடசாலை ஆசிரியர்களுக்கும் நடுவர்களுக்கும் ஒரு திறந்த மடல்

கலைவிழாவுக்கும் போட்டிக்கும் எங்கள் பிள்ளைகளைத் தயார்படுத்தும் ஆசிரியர்களுக்கும், மேடைக்கு முன்னால் புள்ளித்தாளோடு உட்காரும் நடுவர்களுக்கும் வணக்கம்.

நான் இலங்கை மலையகத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தவள். தோட்டப் பாடசாலையில் படித்தேன். இப்போது என் மகளை உங்களிடம் படிக்க அனுப்பியிருக்கிறேன். போன வருடம் அவளுடைய பாடசாலையில் நாட்டார் பாடலுக்கு ஒரு குழு சேர்த்தார்கள். மகள் அவளுடைய அம்மாயியிடம், அதாவது என் அம்மாவிடம், இரண்டு நாள் உட்கார்ந்து ஒரு பாட்டைக் கேட்டு எழுதிக்கொண்டு போனாள். கொழுந்து குறைந்ததென்று அரைப்பேர் போட வைத்த கங்காணியை, அதாவது தொழிலாளரை வேலை வாங்கும் மேற்பார்வையாளனை, வாய் நிறையத் திட்டும் பாட்டு அது. ஒத்திகையில் அந்த அடிகளை எடுத்துவிட்டார்கள். மேடைக்குப் பொருத்தமில்லையாம். அந்த இடத்தில் மலையின் அழகையும் பனியின் குளிரையும் பற்றி நாலு வரி புதிதாக எழுதிச் சேர்த்தார்கள். பிள்ளைகள் பளபளக்கும் சேலை கட்டி, முதுகில் புதுக்கூடை மாட்டி, சிரித்துக்கொண்டே ஆடினார்கள். பரிசும் வந்தது. வீட்டுக்கு வந்தவளிடம் அம்மா ஒன்றுதான் கேட்டார்: "ஏன் புள்ள, கங்காணி எங்க போனான்?"

அந்தப் பாடசாலையை மட்டும் குறை சொல்ல இதை எழுதவில்லை. நான் பார்த்த பல மேடைகளில் இதேதான் நடக்கிறது. கூடை இருக்கிறது, கொழுந்து இருக்கிறது, மெட்டும் இருக்கிறது. பாட்டு எதற்காகப் பிறந்ததோ அது மட்டும் இல்லை.

அரைப்பேர் என்றால் என்ன என்று இன்றைய பிள்ளைகளுக்கு யாராவது சொல்லிக்கொடுக்கிறோமா? விடியுமுன் தப்பு மேளம் அடிக்கும். வேலைக்கு ஆள் கூட்டும் பெரட்டுக்களத்தில் போய் நிற்க வேண்டும். மலையில் ஏறி நிரை பிடித்து நாள் முழுவதும் கொழுந்து எடுத்த பிறகு, நிறுவையில் குறைந்தால் பாதி நாள் கூலிக்குத்தான் பேர் விழும். மழையில் நனைந்ததும் அட்டை கடித்ததும் முழு நாள்தான், கூலி மட்டும் அரை நாள். இதை யாரிடம் போய்ச் சொல்வது? தோட்டத்தை நடத்தும் தொரையிடம் நேரே போக முடியாது, எதுவும் கங்காணி வழியாகத்தான் போக வேண்டும். முறைப்பாடே கங்காணியைப் பற்றி என்றால்? தமிழகத்து ஊரிலிருந்து கூட்டி வந்தவனும் அவன், வழிச்செலவுக்குக் கடன் கொடுத்தவனும் அவன். அந்தக் கடனை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி, ஆளைத் தோட்டம் விட்டுத் தோட்டம் மாற்றினார்கள். துண்டு முறை 1921இல்தான் சட்டப்படி ஒழிந்தது.

அதனால் முறைப்பாடு பாட்டுக்குள் போனது. நிரையில் ஒருத்தி எடுத்துக் கொடுப்பாளாம், பக்கத்து நிரையிலிருந்து இன்னொருத்தி தொடருவாளாம். யார் வாயிலிருந்து வந்தது என்று பிடிக்க முடியாது என்பார் அம்மா. கேட்டால், "சும்மா பாடுறோம் கங்காணி" என்று சொல்லிவிடலாம். அவர்களிடம் மனு இல்லை, சங்கம் இல்லை, எழுத்தும் இல்லை. பாட்டு ஒன்றுதான் இருந்தது. அதிலிருந்து நாம் வெட்டி எறிவது அவர்கள் கொடுத்த சாட்சியத்தை.

மலையகத்தில் எல்லோருக்கும் தெரிந்த நாலு அடி இருக்கிறது:

கூனி அடிச்ச மலை
கோப்பிக் கன்னு போட்ட மலை
அண்ணனைத் தோத்த மலை
அந்தா தெரியுது பார்.

இதை வகுப்பில் ஒரு முறை நிதானமாகச் சொல்லிப் பாருங்கள். பிள்ளைகள் கண்ணுக்கு எட்டிய தூரம் தேயிலைதான். பாட்டோ கோப்பி என்கிறது. 1869இல் இலைநோய் வந்து, அடுத்த இருபது வருடத்துக்குள் கோப்பித் தோட்டங்கள் அழிந்தே போயின. பயிர் போன பிறகும் பாட்டு நின்றிருக்கிறது. மூன்றாவது அடியைப் பாருங்கள். அண்ணன் எப்படிப் போனான் என்று பாட்டு சொல்லவில்லை. மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கு நடந்தவர்களில் எத்தனையோ பேர் காலராவிலும் காய்ச்சலிலும் வழியிலேயே விழுந்தார்கள். மலைக்கு வந்து சேர்ந்த பிறகும் சாவு விடவில்லை. அவர்களுக்குக் கல்லறை இல்லை. தங்கச்சி ஒருத்தி விரல் நீட்டி, அந்தா அந்த மலைதான் என்று காட்டுகிறாள். 2023இல் மலையகத்துக்கு 200 வருடம் என்று தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு மக்கள் திரும்ப நடந்தார்கள். அந்த நடையின் கதை முழுவதும் இந்த நாலு அடியில் இருக்கிறது. இதைச் சிரித்த முகத்தோடு ஆடச் சொல்லிக் கொடுக்காதீர்கள், தயவுசெய்து.

பாட்டு போராட்டமாக மாறியது தற்செயலும் அல்ல. கோ. நடேசய்யர் தொழிற்சங்கம் கட்டியபோது, அவர் மனைவி மீனாட்சியம்மாள் கூட்டங்களில் பாடினார். 1939இல் இந்தியத் தொழிலாளர்களை அரச வேலைகளிலிருந்து நீக்கத் தொடங்கினார்கள். அடுத்த வருடமே மீனாட்சியம்மாளின் 'இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை' என்ற பாட்டுப் புத்தகம் வந்தது. எல்லோர் காதுக்கும் பழகிய மெட்டுகள், சொல் மட்டும் புதிது. அவை நாட்டார் பாடல் இல்லை என்று நீங்கள் சொல்லலாம், சரி. ஆனால் எழுதப் படிக்கத் தெரியாத கூட்டத்துக்குச் செய்தி எந்த வழியாகப் போய்ச் சேரும் என்று அந்த அம்மாவுக்குத் தெரிந்திருந்தது. நிரையில் பாடிய பெண்கள் போட்டு வைத்த வழி அது.

அப்புறம் சி.வி. வேலுப்பிள்ளை. 1947இல் தலவாக்கலையிலிருந்து பாராளுமன்றம் போனவர். மறு வருடமே வந்த பிரஜாவுரிமைச் சட்டம் எங்கள் மக்களை நாடற்றவர்களாக்கியது. அவர் தோட்டம் தோட்டமாகக் கேட்டுச் சேர்த்த பாடல்கள் 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' என்று 1983இல் நூலாக வந்தன. உங்கள் பாடசாலை நூலகத்தில் ஒரு பிரதி இருக்கிறதா என்று பாருங்கள். போட்டிக்குப் பாட்டுத் தேடும்போது முதலில் அங்கே தேடலாம்.

உங்கள் சங்கடமும் எனக்குப் புரிகிறது. சில பாட்டில் கெட்ட வார்த்தை இருக்கும். சிலவற்றில் சாதியைச் சொல்லி இழிவுபடுத்துவதும், பெண்ணைக் கேவலமாகப் பேசுவதும் இருக்கின்றன. அவற்றைப் பிள்ளைகள் வாயில் கொடுக்க நானும் சம்மதிக்க மாட்டேன். ஆனால் மெலிந்தவர்களை மிதிக்கும் அடியும், மிதித்தவனைத் திருப்பிக் கேட்கும் அடியும் ஒன்றல்ல. இரண்டையும் ஒரே கத்தரியால் வெட்டுகிறோம். தப்புக்கும் இதேதான் நேர்ந்தது. பெரட்டுக்கு அடித்தது, சாமிக்கு அடித்தது, சாவுக்கு அடித்தது. அதை அடித்தவர்களைத் தாழ்த்தி வைத்த சாதிப் பார்வையை விடாமல், தப்பை மட்டும் மேடையிலிருந்து எடுத்துவிட்டு கீபோர்ட் வைத்துக்கொண்டோம். தோட்டத்தில் ஆடும் காமன் கூத்தில் அந்தச் சத்தத்தைக் கேட்டு வளர்ந்த பையன், பாடசாலையில் அதைத் தொட வெட்கப்படுகிறான். அந்த வெட்கம் அவனுக்கு எங்கிருந்து வந்தது?

நடுவர்களே, உங்களிடம் கேட்பது இதுதான். உடைக்கும் ஒப்பனைக்கும் போடும் புள்ளியில் கொஞ்சம் குறைத்து, பாட்டு எந்தத் தோட்டத்தில், யாரிடம் கேட்டது என்று பிள்ளை சொன்னால் அதற்குப் போடுங்கள். ஆசிரியர்களே, ஒரு தவணைக்கு ஒரு முறையாவது பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பி, அம்மாயியிடமும் அப்பாயியிடமும் ஒரு பாட்டுக் கேட்டு எழுதி வரச் சொல்லுங்கள். கையில் போன் இருக்கிறது, பதிவு செய்யலாம். பாடியவர் பெயரையும் கூடவே எழுதச் சொல்லுங்கள். இத்தனை காலம் அவர்கள் பெயர் கணக்கப்பிள்ளையின் செக்ரோலில், அந்த வேலைநாள் பதிவேட்டில், மட்டும்தான் இருந்தது.

என் அம்மாவுக்கு மூச்சு வாங்குகிறது. முன்போல நீட்டிப் பாட முடிவதில்லை. ஆனாலும் வெட்டிய அடிகளை மகளுக்குத் திரும்பவும் சொல்லிக் கொடுத்திருக்கிறார். அடுத்த போட்டிக்கு அவள் அவற்றோடுதான் வருவாள். நேரம் போதாது என்றால், ஆட்டத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
கொழுந்தெடுத்தவளின் மகள்