நான் வந்த பஸ்

அன்புள்ள கண்ணு,

போனில் சொன்னால் நீ நடுவில் பேசிவிடுவாய், நானும் பாதியில் பேச்சை மாற்றிவிடுவேன். அதனால் எழுதுகிறேன்.

ஜூனில் இங்கே தென்னாப்பிரிக்காவில் காம்ரேட்ஸ் நெடுந்தூர ஓட்டம் முடிந்த மறுநாள் நீ கூப்பிட்டது நினைவிருக்கிறதா? "எப்படிம்மா முடிச்சே?" என்றாய். "பஸ்ஸோட வந்து சேர்ந்துட்டேன்" என்றேன். நீ சந்தோஷத்தில் கத்தினாய். அப்புறம் உன் ஆபீஸில் எல்லாரிடமும் சொல்லிவிட்டாய். நான் சொன்னதில் ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை. ஆனால் நீ நினைத்த பஸ் வேறு, நான் வந்த பஸ் வேறு.

இந்த ஊர் ஓட்டக்காரர்களிடம் பஸ் என்றால் சேர்ந்து ஓடுகிற கூட்டம். முன்னால் ஒருவர் ஓடுவார், அவர்தான் டிரைவர். எங்கே நடக்க வேண்டும், எத்தனை நிமிடம் நடக்க வேண்டும், எப்போது மறுபடி ஓட வேண்டும் என்பதெல்லாம் அவர் கணக்கு. பன்னிரண்டு மணி நேரத்துக்குள் முடிக்கிற பஸ்ஸில் போனால் கடைசி நிமிடங்களிலாவது பதக்கம் கிடைத்துவிடும். இதை உனக்கு நானே விளக்கியிருக்கிறேன்.

இன்னொரு பஸ்ஸுக்குச் சக்கரம் உண்டு. முடியாதவர்களையும், நேரம் தாண்டியவர்களையும் வழியில் ஏற்றிக்கொண்டு போகும். நான் வந்தது அதில்.

என் ஓட்ட எண் உன்னிடம் இருந்தது. நெட்டில் போட்டுப் பார்த்திருந்தால் நான் எங்கே நின்றேன் என்று தெரிந்திருக்கும். மெல்பர்னில் அப்போது நடுராத்திரி, நீ தூங்கிவிட்டாய். மறுநாளும் பார்க்கவில்லை, அம்மா சொன்னால் போதும் என்று விட்டுவிட்டாய். அதுதான் இத்தனை நாளாக என்னைக் குத்திக்கொண்டிருந்தது. போன வாரம், "நீ அம்பத்தாறு வயசுல காம்ரேட்ஸ் முடிச்சிருக்கே, நான் நாப்பத்திரண்டு கிலோமீட்டர் முடிக்க மாட்டேனா?" என்றாய் பார், அதற்கு மேல் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை.

நான் ஓடப் போகிறேன் என்று சொன்னபோது உன் ஆயா முதலில் கேட்டது, "என்ன வேண்டுதல்?" வேண்டுதல் எதுவும் இல்லை என்றதும் அவர்களுக்குப் புரியவேயில்லை. காவடி எடுக்கிறவன்கூட மத்தியானம் சோற்றுக்கு வீட்டுக்கு வந்துவிடுகிறானே என்றார்கள். நியாயம்தான். டர்பனில் கிளம்பி பீட்டர்மாரிட்ஸ்பர்க் வரை சுமார் 86 கிலோமீட்டர், முக்கால்வாசி ஏற்றம். ஒரு வருடம் இப்படி ஏற்றம், மறு வருடம் அங்கிருந்து இங்கே இறக்கம். எனக்கு வாய்த்தது ஏற்றம்.

இதற்குப் பெயர் கொடுக்கவே முதலில் ஒரு முழு மாரத்தானை 4 மணி 50 நிமிடத்துக்குள் ஓடியிருக்க வேண்டும். நான் 4 மணி 41-இல் முடித்தேன். அது உண்மை, அந்தப் பதக்கம் சாமி அறையில் தொங்குகிறது. அதை நம்பி நீ ஓடலாம்.

ஜனவரியில் இருந்து பயிற்சி. டர்பனில் நாம் இருக்கிற இந்த சாட்ஸ்வொர்த்தில் சமதரை எங்கே இருக்கிறது? வீட்டு வாசலைத் தாண்டினாலே ஏற்றம்தான். காலை நாலரைக்கு எங்கள் கூட்டம் சேரும், இருட்டில் பளபளக்கிற மேல்சட்டையோடு. தனியாக ஓட உன் அப்பா விடவே மாட்டார், இந்த ஊரில் அது சரிதான். டர்பனின் கோடைப் புழுக்கத்தில் ஐந்து மணிக்கே சட்டையைப் பிழியலாம். ஞாயிறு தோறும் நீண்ட ஓட்டம், மற்ற நாட்களில் சின்னச் சின்னது. இரண்டு கால் பெருவிரல் நகங்களும் கறுத்துப் போயின. அரை அளவு பெரிய ஷூ வாங்கிய பிறகுதான் சரியாயிற்று. நீ இப்போதே வாங்கிவிடு.

ஓட்டத்தன்று காலை ஐந்தரைக்கு நகர மண்டபத்தின் முன்னால் கிளம்பினோம். கிளம்பும் முன் ஒலிபெருக்கியில் சேவல் கூவும். 1948-இல் ஒரு ஓட்டக்காரர் பதற்றம் தாங்காமல் கூவினாராம், அதில் இருந்து அது வழக்கம். நானும் கூவினேன் என்று வை.

என் பஸ் டிரைவர் நல்ல மனிதர். கௌவீஸ் குன்றில் நடக்கச் சொன்னார், நடந்தோம். அடுத்தது ஃபீல்ட்ஸ் ஹில், மூன்று கிலோமீட்டருக்குக் குறையாத ஏற்றம். அங்கேயும் நடக்கச் சொன்னார். எனக்கோ உடம்பு காற்றுப் போல இருந்தது. பக்கத்தில் சின்னப் பெண்கள் ஓடிக்கொண்டே ஏறுகிறார்கள், நாம் ஏன் நடக்க வேண்டும்? பஸ்ஸை விட்டு இறங்கிவிட்டேன். யாரும் தள்ளிவிடவில்லை, நானாக இறங்கினேன்.

ட்ரம்மண்டில் பாதி தூரம். அதற்குச் சற்று முன்னால் சாலையோரத்தில் ஒரு பள்ளம் இருக்கும், ஆர்தரின் இருக்கை என்று பெயர். ஐந்து முறை வென்ற ஆர்தர் நியூட்டன் உட்கார்ந்து இளைப்பாறிய இடமாம். ஒரு பூவை வைத்து வணக்கம் சொல்லிவிட்டுப் போனால் பின்பாதி நன்றாக ஓடும் என்பார்கள். நான் நம் வீட்டுச் செம்பருத்தியை வைத்தேன். ஆர்தருக்குச் செம்பருத்தி பிடிக்கவில்லை போலும்.

இஞ்சாங்கா ஏற்றத்தில் இரண்டு தொடையும் கட்டையாகிவிட்டன. நடக்கவும் வலித்தது. அப்போது பின்னால் பாட்டுச் சத்தம். நான் இறங்கின பஸ்தான், ஐம்பது அறுபது பேர் ஜூலுவில் பாடிக்கொண்டே வந்தார்கள். டிரைவர் என்னைப் பார்த்து, "மா, ஏறு" என்று கை காட்டினார். இருநூறு மீட்டர் கூடவே போனேன். அப்புறம் பாட்டுச் சத்தம் தேய்ந்துகொண்டே போயிற்று.

இந்த ஓட்டத்தில் பலகைகள் ஓடிய தூரத்தைக் காட்டாது, மீதியைத்தான் காட்டும். 25 என்ற பலகையைப் பார்த்தேன். கொஞ்ச தூரத்தில் சாலைக்குக் குறுக்கே ஆட்கள் கைகோத்து நின்றார்கள், அந்த இடத்தைத் தாண்டுவதற்கான நேரம் முடிந்துவிட்டது. நாலு நிமிடத்தில் தவறவிட்டேன். வேகமாக ஏறி மிச்சம் பிடித்த நேரம் அதைவிட அதிகம் என்பதுதான் வேடிக்கை.

அந்தச் சக்கரம் வைத்த பஸ்ஸில் யாரும் பேசவில்லை. ஒரு பையன் வாளியில் வாந்தி எடுத்தான். என் கையில் உப்புப் போட்ட உருளைக்கிழங்கு ஒன்று இருந்தது, அதைத் தின்றுகொண்டு வந்தேன். காந்தியை ரயிலில் இருந்து இறக்கிவிட்ட ஊரில் என்னை பஸ்ஸில் கொண்டுபோய் இறக்கிவிட்டார்கள்.

அப்பா காத்திருந்தார். முகத்தைப் பார்த்ததும் தெரிந்துகொண்டார், ஒன்றும் கேட்கவில்லை. வீட்டுக்குப் போகலாமா என்றார். இல்லை, கடைசி வரை பார்க்கிறேன் என்று உட்கார்ந்தேன். சாயங்காலம் ஐந்தரைக்கு ஒருவர் ஓடி வருகிறவர்களுக்கு முதுகைக் காட்டி நின்று துப்பாக்கியைச் சுடுவார். யார் எவ்வளவு அருகில் வருகிறார்கள் என்று அவர் பார்க்கக்கூடாது. அதற்குச் சில நிமிடங்கள் முன்னால் என் பஸ் உள்ளே வந்தது, அதே பாட்டு. நான் எழுந்து நின்று கை தட்டினேன். அழுதேனா என்றால், ஆமாம். துப்பாக்கி வெடித்தபோது ஒரு பெரியவர் கோட்டுக்குப் பத்தடி தூரத்தில் இருந்தார்.

திரும்பி வரும்போது அப்பா, தாத்தா கதையைச் சொன்னார். வருடா வருடம் பைன்டவுனில் சாலையோரம் நின்று வேடிக்கை பார்ப்பாராம். ஓடத்தான் முடியாது. நம் இந்திய ஜனங்களுக்கும் கறுப்பர்களுக்கும் பெண்களுக்கும் 1975-இல்தான் முறைப்படி கதவு திறந்தது. அதற்குள் தாத்தாவுக்கு முழங்கால் போய்விட்டது. 1923-இலேயே பிரான்சிஸ் ஹேவர்ட் என்ற பெண் அனுமதி இல்லாமல் ஓடி 11 மணி 35 நிமிடத்தில் முடித்திருக்கிறார். பதக்கம் தரவில்லை. கூட ஓடினவர்களும் பார்த்தவர்களும் சேர்ந்து வெள்ளி டீ செட் வாங்கிக் கொடுத்தார்களாம். எனக்கு அப்பாவின் ஃப்ளாஸ்க்கில் இஞ்சி டீ, எவர்சில்வர் டம்ளரில். 1921-இல் நடந்த முதல் ஓட்டத்தில் 34 பேர் கிளம்பி 16 பேர்தான் முடித்தார்கள் என்று தேடிப்பிடித்து வைத்திருக்கிறேன், ஆறுதலுக்கு.

சரி, உன் கதைக்கு வருகிறேன். பயிற்சியில் 32 கிலோமீட்டருக்கு மேல் போகாதே. கடைசி மூன்று வாரம் குறைத்துக்கொள். கை கால் பரபரக்கும், பொறுத்துக்கொள். முதல் பத்து கிலோமீட்டரில் எல்லாரும் உன்னைத் தாண்டிப் போவார்கள், போகட்டும். பயத்தில் ஒவ்வொரு மேசையிலும் தண்ணீரைக் குடித்துத் தள்ளாதே. தாகத்துக்கு மட்டும் குடி. அளவுக்கு மீறினால் ரத்தத்தில் உப்பு இறங்கி மயக்கம் வரும், உயிருக்கே ஆபத்தாகும். ஓடும்போது வலி மாத்திரை போடாதே, சிறுநீரகம் கெடும். புது சாக்ஸ் அன்றைக்கு வேண்டாம்.

உன் ஆபீஸில் என்ன சொல்வாயோ, அது உன் பாடு. எனக்குத் தலைகுனிவு என்று நினைத்து மறைக்காதே. அடுத்த வருடம் இறக்கம், பெயர் கொடுக்கப் போகிறேன். அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை, நீயும் சொல்லாதே.

அக்டோபரில் உன் ஓட்ட எண்ணை முன்னாலேயே அனுப்பு. நான் விழித்திருந்து பார்ப்பேன். நீ போனில் சொல்வதை நம்புவதாக இல்லை.

அம்மா