குழாயைத் திறந்துவிட்டு ஒரு தனி ஆவர்த்தனம்

ஆசிரியருக்கு வணக்கம்,

கச்சேரியில் மிருதங்கம் போன்ற பக்கவாத்தியங்கள் மட்டும் தனியாக வாசிக்கும் தனி ஆவர்த்தனம் ஆரம்பித்ததும் பாதி சபா எழுந்து கேன்டீனுக்குப் போய்விடுவதைப் பற்றி உங்கள் இதழில் படித்தேன். படித்ததும் எனக்கு ஞாபகம் வந்தவர், கர்நாடக சங்கீதத்துக்குச் சம்பந்தமே இல்லாத அலெஸ்ஸாண்ட்ரோ கோர்ட்டினி. இத்தாலிக்காரர். நைன் இன்ச் நெய்ல்ஸ் என்ற அமெரிக்க ராக் குழுவில் 2005 முதல், நடுவில் சில வருஷம் விலகியிருந்ததைத் தவிர, கீபோர்டு வாசித்தவர். அந்தக் குழுவில் பாட்டும் குரலும் ட்ரெண்ட் ரெஸ்னருடையவை, கூட்டம் பார்ப்பதும் அவரைத்தான்.

அப்படிப்பட்ட இரைச்சலான மேடையில் நின்றவர் தனியாகச் செய்த இசையைக் கேட்டுப் பாருங்கள். 2014-ல் வந்த 'சொன்னோ' ஆல்பம் சுற்றுப்பயணத்தின்போது ஓட்டல் அறைகளில் பதிவானது. ரோலண்ட் எம்சி-202 என்று 1983-ல் வந்த ஒரு சின்ன சின்தசைசர் பெட்டி, ஒரு நேரத்தில் ஒரு ஸ்வரம்தான் அதில் பேசும், அதைச் சத்தத்தைக் கொஞ்சம் தாமதித்துத் திரும்ப ஒலிக்கவைக்கும் ஒரு டிலே பெடல் வழியாக விட்டு, கையில் ரெக்கார்டரோடு அறைக்குள் நடந்து எந்த மூலையில் சத்தம் நன்றாக இருக்கிறது என்று தேடியிருக்கிறார். குழாயைத் திறந்துவிட்டு, ஜன்னலைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தங்களும் இசையோடு எப்படிச் சேருகின்றன என்று பார்த்திருக்கிறார். தாளம் இல்லை, பாட்டு இல்லை. 'சொன்னோ' என்றால் தூக்கம்.

நான் மெல்லிசைக் குழுவில் பதினாறு வருஷம் கீபோர்டு வாசித்தவன். பாடுபவருக்கு இடம் விட்டு, ஒரு ஸ்வரத்தை அழுத்தியபடியே காத்திருப்பதுதான் பாதி வேலை. அந்தக் காத்திருப்பையே எடுத்து முழு இசையாக ஆக்கியிருக்கிறார் என்றுதான் எனக்குப் படுகிறது. அதனால்தான் "குழுவின் பாட்டு மாதிரி இல்லையே" என்று விமர்சனம் எழுதுகிறவர்கள் மேல் கோபம் வருகிறது. இத்தனை வருஷம் இன்னொருவர் பாட்டை வாசித்தவர் தன் வீட்டிலும் அதையேதான் வாசிக்க வேண்டுமா?

2017-ல் வந்த 'அவாந்தி' ஆல்பமும் எனக்குப் பிடிக்கும். தாத்தா எடுத்த பழைய சூப்பர் 8 ஃபிலிம் குடும்பப் படங்களைத் திரையில் ஓடவிட்டு அதை மேடையில் வாசித்தார்.

என் நண்பர் ஒருவருக்குப் போட்டுக் காட்டினேன். "பாட்டு எப்ப ஆரம்பிக்கும்?" என்றார். சரி, ராத்திரி சத்தத்தைக் குறைத்து வைத்து, ஜன்னலைத் திறந்துவிட்டுக் கேளுங்கள் என்று சொல்லி அனுப்பினேன். மறுநாள் அடுத்த ஆல்பத்தின் பெயரைக் கேட்டார்.

இப்படிப்பட்டவர்களைப் பற்றியும் இசைப் பக்கத்தில் எழுதுங்கள் சார்.

ஒரு வாசகர், தஞ்சாவூர்