அந்த உடைமரம்

மாப்ளே,

எட்டு மாதமாக ஒரு வரிகூட எழுதவில்லை என்று நீ திட்டியது நியாயம்தான். அம்மா நலம், மகள் பிளஸ் டூ எழுதிவிட்டாள், கண்மாயில் இந்த வருஷமும் முழங்கால் தண்ணீர்தான். சரி, அதை விடு.

உச்சிப்புளி தாண்டி, கட்டுச்சோற்றோடு நம் தாவரவியல் வாத்தியார் ஊமத்தையிடம் மாட்டிக்கொண்டோமே, அந்த உடைமரம் இப்போது இல்லை. சீமைக்கருவேலைத் தூர் எடுக்க வந்த ஜேசிபி அதையும் சேர்த்துப் பிடுங்கிப் போட்டுவிட்டது. கேட்டால், "எல்லாம் முள்ளுதானே சார்" என்கிறான். அவனை என்ன சொல்ல? படித்த நீயே வெள்வேலைக் கருவேல் என்று எழுதி ஹெர்பேரியம் அட்டையில், அதான் செடியைக் காயவைத்து ஒட்டுகிற அட்டையில், ஒட்டினவன்தானே.

அன்றிலிருந்து லீவு நாளெல்லாம் தேவிபட்டினத்திலிருந்து சாயல்குடி வரை பைக்கில் சுற்றி, எங்கே எந்த வேலமரம் நிற்கிறது என்று குறித்துக்கொண்டு திரிகிறேன். வீட்டில் பைத்தியம் என்றே முடிவு கட்டிவிட்டார்கள். உடை என்றால் குடை விரித்த தலை, வெள்ளை உருண்டைப் பூ, சுருண்ட காய். நாட்டுக்கருவேலுக்கு மஞ்சள் உருண்டை, மணி கோத்த மாதிரி காய். வெள்வேலைப் பட்டையே காட்டிக்கொடுத்துவிடும். சீமைக்கருவேல் பூவோ உருண்டையே இல்லை, அணில்வால் மாதிரி நீளம். பூக்காத மாதத்தில்தான் என் பாடு திண்டாட்டம். ஆடு மேய்க்கிற ஒரு ஆத்தா இரண்டு தடவை என்னைத் திருத்திவிட்டது.

இதற்கு நடுவே இன்னொரு கூத்து. நாம் உருப்போட்ட அகேசியா என்ற பேரினப் பெயர் நம்மூர் வேலமரங்களுக்கு இப்போது கிடையாது! 2005இல் வியன்னாவில் கூடிய தாவரவியல் மாநாட்டில் அதை ஆஸ்திரேலிய மரங்களுக்குக் கொடுத்துவிட்டார்கள், 2011இல் மெல்போர்னிலும் அதையே உறுதி செய்தார்கள். அங்கே ஆயிரம் இனம்போல இருக்கிறதாம், அத்தனைக்கும் பெயர் மாற்ற முடியாதாம். ஆக, கொடைக்கானலில் முள்ளே இல்லாமல் நிற்கிற சீகைமரம் அகேசியா, முள் கிழிக்கிற நம் கருவேல் வாச்செல்லியா என்ற வேறு பேரினம். தலைக்குத் தேய்க்கிற சீகைக்காய்க் கொடி, கொக்கிமுள்காரி, செனகாலியா என்ற இன்னொரு பேரினத்துக்குப் போய்விட்டாள்.

எனக்கு வயிறு எரிந்தது. அப்புறம் பழைய கதையைத் தோண்டினேன். சென்னை மாகாணத்தில் வேலை பார்த்த தாவரவியலாளர் ராபர்ட் வைட், இன்னொரு தாவரவியலாளர் அர்னாட்டோடு சேர்ந்து 1834இல் போட்ட புத்தகத்தில்தான் உடைக்கு அகேசியா பிளானிஃபிரான்ஸ் என்று பெயர் வைத்தார். கஸ்தூரிவேலுக்காக வாச்செல்லியா என்ற பேரினத்தை உண்டாக்கியதும் அதே ஆட்கள், அதே புத்தகம்! 180 வருஷம் கழித்து 2014இல் உடையும் அந்த வீட்டுக்கே குடிபோயிருக்கிறது. போகட்டும், அந்நியர் வீடு இல்லை.

ஆனால் ஜேசிபிக்கு இதெல்லாம் எட்டாதே. அடுத்த கிராமத்தில் தூர் எடுக்கும் முன்னே உடைமரங்களில் சிவப்புத் துணி கட்டிவிடலாம் என்று இருக்கிறேன். சாமி மரம் என்று நினைத்து விட்டுவிட்டாலும் எனக்குச் சம்மதமே.

உன் பரணில் அந்த மூன்றாம் வருஷ அட்டைகள் கிடக்குமா, பார். அந்த மரத்துக் கிளை ஒன்று பூவோடு ஒட்டியிருந்தோம், தேதியும் இடமும் உன் கிறுக்கலில் இருக்கும். எலி தின்றிருக்காவிட்டால் போட்டோ எடுத்து அனுப்பு. பெயர் தப்பாக இருந்தாலும் சிரிக்க மாட்டேன்.

உன்
குடைக்காரன்