நீ கிளினிக்குக்குப் போகாமல் விட்டது பற்றி

அன்பு மகனுக்கு,

போனில் இந்தக் கதையை எடுத்தால் "சரி அம்மா, வைக்கிறன்" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் எழுதுகிறேன். ஏசுவதற்கு இல்லை, முழுதாக வாசி.

நீ மூன்று மாதமாக மனநலக் கிளினிக்குக்குப் போகவில்லை என்று அக்கா சொன்னாள். முதலில் கோபம்தான் வந்தது. பிறகு சித்திரை வருசத்தன்று நீ வீடியோவில் வந்தது ஞாபகம் வந்தது. நீலச் சேட்டின் நடுப் பொத்தான் பிய்ந்துவிடும் போல இழுத்துக்கொண்டு நின்றது. "என்னடா, பொங்கல் பானை மாதிரி வந்திட்டாய்" என்று நான் சிரிக்க, பக்கத்தில் இருந்த பெரியம்மாவும் சிரித்தார். நீ சிரிக்கவில்லை. மனக் குழப்பத்துக்கு உனக்குத் தந்த ஒலன்சபின் குளிசை பசியைக் கூட்டும், உடம்பு வைக்கும் என்று எனக்கு அப்போது தெரியாது. தெரிந்திருந்தாலும் என் வாய் சும்மா இருந்திருக்குமோ என்னவோ.

இன்னொரு பிழையும் என்னுடையதுதான். "ஒருத்தருக்கும் சொல்லாதே, நாளைக்குக் கலியாணம் பேச வேணும்" என்றேன். அப்படியானால் கிளினிக் நாளில் வேலையிடத்தில் என்ன சொல்லிவிட்டுப் போனாய்? பல்லுக்கொதி என்றா? ஒரு பெடியனுக்கு எத்தனை தரம்தான் பல்லுக் கொதிக்கும்!

அக்கா நிறைய வாசித்திருக்கிறாள். முதல் தடவை மனம் குழம்பின இளம் பிள்ளைகளை, வருசக்கணக்காக வருத்தத்தோடு இருப்பவர்களுடன் ஒரே வார்டில் போடக் கூடாது என்று, மக்கோரி என்ற டொக்டரும் மற்றவர்களும் 1992இல் உங்கள் மெல்பேர்னிலேதான் தனி நிலையம் தொடங்கினார்களாம். பிறகு பல நாடுகளும் அந்த வழியைப் பிடித்திருக்கின்றன. அப்படிப்பட்ட இடங்களிலிருந்தும் பத்துப் பேரில் மூன்று பேர் அளவில் இடையில் நின்றுவிடுகிறார்களாம். சுகம் வந்துவிட்டது என்ற நினைப்பு, மருந்து படுத்தும் பாடு, வேலை நேரம், வெட்கம், கஞ்சா. கடைசியைப் பற்றி உன்னிடம் நான் கேட்கவில்லை. கேட்காமலும் இல்லை.

சின்ன மாமாவை உனக்குத் தெரியாது. திருக்கடலூரில் கடலுக்குப் போன ஆள். அவருக்கு இந்த வருத்தம் வந்தபோது கோணேசர் கோவிலில் நூல் கட்டினோம், கழிப்புக் கழித்தோம். அப்படியே மாதங்கள் போய்விட்டன. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன பிறகு அவர் காதுக்குள் கேட்ட குரல்கள் அடங்கின, ஆனால் கை நடுங்கத் தொடங்கியது. வலை பின்னுகிற ஊசியில் நூலைச் சுற்ற முடியாது. குடித்துவிட்டு வந்திருக்கிறான் என்று கரையில் சிரித்தார்கள். ஒரு நாள் செவ்வரத்தை அடியில் களை பிடுங்கும்போது பார்த்தேன், மண்ணுக்குள் வெள்ளை வெள்ளையாகக் குளிசைகள், பாதி கரைந்தபடி. நான் கத்தினேன். ஏன் என்று கேட்கவில்லை. இரண்டு மாதத்துக்குள் திரும்பவும் வார்டு. அங்கே ஒரு நேர்ஸ்தான் கேட்டார், "என்ன தொழில் செய்யிறீங்கள் அண்ணை?" மாமா பேசாமல் கையை நீட்டிக் காட்டினார். டொக்டர் மருந்தை மாற்றினார். நடுக்கம் முழுதாகப் போகவில்லை, ஆனால் ஊசி பிடிக்கிற அளவுக்கு வந்தது.

அதனால்தான் கேட்கிறேன், உன் காரணம் என்ன என்று அவர்களுக்குச் சொன்னாயா? உடம்பு வைப்பது பிடிக்கவில்லை என்றால் அதையே சொல்லு. அளவைக் குறைக்கலாம், வேறு மருந்து பார்க்கலாம், நேரத்தை மாற்றித் தரச் சொல்லலாம். நீயாக நிறுத்தாதே. முதல் தடவை சுகமான பிறகு மருந்தை விட்டவர்களுக்குத் திரும்ப வரும் ஆபத்து கிட்டத்தட்ட 5 மடங்கு என்று 1999இல் நியூயோர்க்கில் இருந்து ஓர் ஆய்வு வந்ததாம். அதை அக்கா வாசித்துக் காட்டியபோது எனக்கு அந்தச் செவ்வரத்தை மண்தான் கண்ணுக்குள் நின்றது.

யாருக்கும் சொல்லாதே என்று சொன்னேனே, அதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். சொல்வதும் விடுவதும் உன் விருப்பம். பெரியம்மாவுக்கு நான் சொல்லலாமா என்று மட்டும் எழுது. நீ வேண்டாம் என்றால் வாய் திறக்கமாட்டேன்.

அந்த நீலச் சேட்டை இனிப் போடாதே. அக்காவைக் கொண்டு நெஞ்சளவு எடுத்து அனுப்பு. இங்கே தைப்பித்து, வருகிற ஆட்களிடம் கொடுத்துவிடுகிறேன்.

அம்மா
உவர்மலை, திருகோணமலை